நான்கு தந்தியா? ஐந்து தந்தியா?

இசைக்கருவிக்கு எத்தனை நரம்பு வேண்டும் என்ற வினா தமிழருக்குப் புதியதன்று. 21 நரம்புடைய பேரியாழ், 19 நரம்புடைய மகரயாழ், 14 நரம்புடைய சகோடயாழ், 7 நரம்புடைய செங்கோட்டியாழ் என நால்வகை யாழினைச் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் எடுத்துரைக்கின்றார். ஈழம் ஈன்ற விபுலாநந்த அடிகள் 1947ஆம் ஆண்டில் வெளிவந்த தமது 'யாழ் நூ'லில் அக்கருவிகளின் இலக்கணத்தை விரிவாக ஆராய்ந்தார். யாழின் பெயரையே தாங்கி நிற்கும் நாட்டிலே அவ்வினா இன்று வேறோர் உருவில் வந்து நிற்கின்றது. இசைக்குழு அமைக்க விழையும் இளைஞர், பேஸ் கிற்றார் வாங்கப் புறப்படும்போது, நான்கு தந்திகளையுடைய எளிய கருவியை வாங்குவதா, பற்றரியால் இயங்கும் ஐந்து தந்திக் கருவியை வாங்குவதா என்று மயங்குகின்றனர். பெற்றோரின் பணமும் பிள்ளையின் ஆர்வமும் இதில் அடங்கியிருத்தலால், விஷயத்தைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

மேனாட்டு வாத்திய கோஷ்டிகளில் அடிச்சுரம் இசைத்தது ஆளுயரப் பெரிய 'டபிள் பேஸ்' என்னும் கருவியாகும். அதனை ஊர்விட்டு ஊர் சுமத்தல் பெருங்கஷ்டம். 1951ஆம் ஆண்டில் அமெரிக்கரான லியோ பென்டர், தோளில் மாட்டி வாசிக்கத்தக்க மின்சார பேஸ் கிற்றாரை விற்பனைக்குக் கொணர்ந்தார். வீணையின் மெட்டுக்களைப் போலக் கழுத்திலே மெட்டுக்கள் பதிக்கப்பட்டமையால் சுரம் துல்லியமாக விழுந்தது. ஆகவே அதற்குத் துல்லியம் எனப் பொருள்படும் 'பிரசிஷன்' என்ற பெயரையே சூட்டினர். அதற்கு நான்கு தந்திகள். அவற்றுள் மிகத் தடித்தது செக்கனுக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்வது.

1976இல் வந்த 'மியூசிக் மேன் ஸ்டிங்றே' என்ற கருவியோ உடலுக்குள்ளேயே சிறியதொரு விரியலாக்கியைக் கொண்டிருந்தது. 9 வோல்ற்றுப் பற்றரி ஒன்று அதனை இயக்கும். எளிய கருவியிலுள்ள குமிழ் ஒலியின் கூர்மையைக் குறைக்க மட்டுமே வல்லது. இவ்வகைக் கருவியிலோ தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் இயலும். நீண்ட கம்பியினூடே சென்றாலும் ஒலி மங்குவதில்லை. பின்னர் 1980களில் மின்னியல் வாத்தியங்கள் மிகத் தாழ்ந்த சுரங்களை எழுப்பத் தொடங்கவே, பேஸ் கிற்றாரும் அவற்றுக்கு ஈடு கொடுக்க வேண்டியதாயிற்று. செக்கனுக்கு ஏறக்குறைய 31 முறை அதிரும் ஐந்தாம் தந்தியுடைய கருவிகள் பரவியது அக்காலத்தில்தான்.

ஐந்து தந்தியை விரும்புவோர் கூறும் நியாயம் இலேசானதன்று. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகருக்கு வாசிப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு தந்திக் கருவியில் ஆதார சட்ஜமம் 65 அதிர்வில் கிடைக்கும். அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே செல்ல இடமில்லை. ஐந்தாம் தந்தியின் முதல் மெட்டிலே அத்தாழ்ந்த சட்ஜமம் கிட்டுகின்றது. மேலும், கையை மேலுங்கீழும் ஓட்டாமல் ஒரே இடத்தில் நிறுத்திப் பல சுரங்களைத் தொடவும் அது உதவுகின்றது. ஆனால் ஐந்து கட்டையிற் பாடும் பெண்ணுக்கு வாசிப்பின், 49 அதிர்வுடைய தாழ்ந்த சட்ஜமம் நான்கு தந்தியிலேயே உண்டு. ஆகவே, தேவை பாடுவோரின் சுருதியையும் பொறுத்தது.

எளிய கருவியின் பக்கத்தில் நிற்போர் ஜேம்ஸ் ஜேமர்சனைச் சுட்டுவர். டிற்றொயிற் நகரின் மோட்டவுன் நிறுவனத்துக்காக 1960களில் உலகெங்கும் ஒலித்த பாடல்கள் பலவற்றுக்கு அவர் வாசித்தது நான்கு தந்திகளுடைய, பற்றரியற்ற பென்டர் கருவியே. குறைவு கருவியில் இல்லை என்பது அவர்தம் வாதம்.

இனி, நமது தீவகத்தை நோக்குவோம். ஊர்காவற்றுறைக்குத் தரைவழியே வாகனத்தில் செல்லலாம். நயினாதீவுக்கோ குறிகட்டுவான் துறையில் படகேற வேண்டும். நெடுந்தீவுக்குக் கடற்பயணம் இன்னும் நீண்டது. உப்புக்காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. தந்திகள் துருவேறும், பற்றரியின் முனைகளும் ஆழிகளும் பாசி பிடிக்கும். நாகபூஷணி அம்மன் ஆலயத்தின் ஆனித் திருவிழாக் காலத்திலோ, தேவாலயப் பெருநாளிலோ, பாட்டின் நடுவே பற்றரி ஓய்ந்துவிட்டால், மாற்று வழி அமைக்கப்படாத கருவி ஊமையாகிவிடும். தீவிலே நள்ளிரவில் எக்கடையைத் தட்டுவது?

மற்றொன்றும் உண்டு. தூணிலும் மரத்திலும் கட்டப்படும் கூம்பு வடிவ ஒலிபெருக்கிகள் மிகத் தாழ்ந்த ஒலிகளை வெளியிடும் ஆற்றலற்றவை. 31 அதிர்வென்ன, 41 அதிர்வே அவற்றினின்றும் வெளிவராது; அச்சுரத்தின் மேல் எழும் துணையொலிகளைக் கொண்டே நம் செவி அதனை ஊகித்துக்கொள்ளுகின்றது. தக்க பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி இல்லாத குழு ஐந்தாம் தந்திக்குக் கொடுக்கும் பணம் காற்றிலே போனதாகவே முடியும். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிவைக்கும் விலையுயர்ந்த கருவிக்கும் இதுவே விதி.

கர்நாடக சங்கீத உலகும் இத்தகைய பரீட்சையைக் கண்டதுண்டு. ஒலிபெருக்கி பரவாத காலத்தில், பெரிய சபையிலே கடைசி வரிசைக்கும் நாதம் எட்ட வேண்டுமென்று மைசூர் சௌடையா ஏழு தந்தி வயலினைக் கையாண்டு பெரும்புகழ் ஈட்டினார். அது தேவையிற் பிறந்த புதுமை. அத்தேவையை ஒலிபெருக்கி நிறைவேற்றத் தொடங்கிய பின்னர், வயலின் பெரும்பாலோர் கையில் நான்கு தந்தியோடே நிலைத்தது. புதுமையைப் பழிப்பதற்காக இதனைக் கூறவில்லை. தேவை முந்தியும் கருவி பிந்தியும் வருதல் முறை என்பதே நாம் வற்புறுத்துவது.

ஆகவே, புதிதாகப் பயிலும் மாணவர் பற்றரி வேண்டாத நான்கு தந்திக் கருவியைக் கொண்டு தொடங்குவதே நன்று என்பது நமது அபிப்பிராயம். அதன் கழுத்து ஒடுக்கமானது. சிறு கைகளுக்கு இசைவானது. தந்தி மாற்றும் செலவும் குறைவு. இன்னும் தாழ்ந்த சுரம் வேண்டின், தடித்த தந்தியை ஒரு முழுச்சுரம் தளர்த்தி 37 அதிர்வுவரை இறங்கலாம். நன்கு தேர்ந்து, ஐந்தாம் தந்தியின் தேவையைத் தம் காதாலேயே உணர்ந்தவர் பின்னர் அதனைத் தாராளமாக வாங்கட்டும். அவ்வாறு வாங்குவோர் பற்றரி ஓய்ந்தாலும் ஒலிக்கும் மாற்று ஆழியுடைய கருவியைத் தேர்தல் வேண்டும்; வாசித்து முடித்ததும் கம்பியைக் கழற்றிவிடுதல் வேண்டும். கம்பி செருகியிருக்கும்வரை பற்றரி கரைந்துகொண்டேயிருக்கும். எக்கருவியாயினும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைத்து, உறையிலிட்டு வைத்தல் தீவக வாசிகளுக்கு இன்றியமையாதது.

எல்லாவற்றினும் மேலானது கேள்வி ஞானம். இளையராஜாவின் 1980களின் பாடல்களை ஒருமுறை பேஸ் கிற்றாருக்காகவே செவிசாய்த்துக் கேளுங்கள். பாடகருக்குக் கீழே, தனக்கென ஒரு நடையோடு, மற்றோர் இராகமே நடந்து செல்வதை அறிவீர்கள். வீட்டின் அத்திவாரம் கண்ணுக்குப் புலப்படாதது போல இக்கருவியின் பணியும் பலருக்குப் புலப்படுவதில்லை. எங்கே ஒலிக்க வேண்டும், எங்கே ஓய வேண்டும் என்பதை அறிந்த விரலுக்கு நான்கு தந்தியும் போதும். அதனை அறியாத விரலுக்குப் பேரியாழின் இருபத்தொன்றும் போதா.