மஞ்சள் கரு வந்த வழி

கார்த்திகையில் பெரம்பலூரிலிருந்து வேப்பந்தட்டைப் பக்கம் போனால் வழிநெடுக மக்காச்சோளம் ஆளை மறைத்து நிற்கும். தை, மாசியில் போனால் பாதிச் சாலையை அதன் மணிகள் பிடித்துக்கொண்டிருக்கும். களம் போதாமல் தார்ச்சாலையிலேயே கொட்டிக் காயவைத்து, காலால் கிண்டிவிட்டபடி நிற்பார்கள். ஈரம் வற்றியதும் வியாபாரி லாரியோடு வருவார். எடை போட்டு, மூட்டை ஏற்றி, பணத்தை எண்ணிக் கொடுப்பார். விளைவித்தவர் வீட்டு அடுக்களைக்குள் ஒரு படிகூடப் போகாது. பச்சைக்கதிர் நாலைச் சுட்டுத் தின்றதோடு சரி.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்த மானாவாரி நிலங்களில் நின்றது நாட்டுச்சோளம். கூடவே கம்பும் வரகும், ஊடே துவரையும். போன வருடத்துக் கதிரில் நல்லதாகப் பார்த்து எடுத்து வைத்ததுதான் விதை. மணி குதிருக்குப் போகும், தட்டை மாட்டுக்குப் போகும். உரலில் குத்திப் புடைத்து ஆக்கிய சோளச்சோறு இரவுக்கு. மிஞ்சியது தண்ணீரில் ஊறி மறுநாள் காலைக்கு. காட்டில் விளைந்ததை அந்த வீட்டு உலையே வாங்கிக்கொண்டது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஒரு வேளைச் சோற்றுக்காகப் பெண்கள் உலக்கையோடு மல்லுக்கட்டினார்கள். பால் பிடித்த கதிரைக் குருவியிடமிருந்து காக்க, பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளைகள் பரண்மேல் நின்று கவண் வீசினார்கள். மழை பொய்த்தால் குதிர் காலி, வயிறும் காலி. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான்.

மக்காச்சோளத்தின் பூர்வீகம் மெக்சிகோ. ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு காட்டுப்புல்லைப் பழக்கிப் பயிராக்கினார்கள். இந்தியாவில் 1957இல் அதற்கென அகில இந்திய ஒருங்கிணைந்த ஆய்வுத் திட்டம் தொடங்கியது. 1961இல் கங்கா, ரஞ்சித், டெக்கான் என்ற பெயர்களில் முதல் வீரிய ஒட்டு ரகங்கள் வந்தன. 1950-51இல் நாட்டின் மொத்த விளைச்சல் சுமார் 17 லட்சம் டன். இன்று 350 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது.

பெரம்பலூர் உழவர் இந்தப் பயிருக்கு மாறியதில் வியப்பில்லை. கதிர் உறைக்குள் இருப்பதால் குருவித் தொல்லை குறைவு; பரணும் வேண்டாம், கவணும் வேண்டாம். நூறு, நூற்றுப்பத்து நாளில் அறுவடை. உதிர்க்க இயந்திரம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, விளைந்ததைக் காத்திருந்து வாங்க ஆள் உண்டு. இன்னொரு பக்கம், ரேஷன் கடை அரிசி மலிந்து, 2011இல் மாதம் 20 கிலோ விலையில்லாமலே கிடைக்கத் தொடங்கியது. சோளம் குத்தும் வேலை ஒழிந்தது. அதோடு சோளமும் ஒழிந்தது.

அப்படியானால் அந்த லாரி எங்கே போகிறது? பெரும்பாலும் நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கு, பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளுக்கு. கோழித் தீவனத்தில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம். உடலுக்குத் தேவையான லைசின், டிரிப்டோபான் என்ற இரு அமினோ அமிலங்கள் இந்தத் தானியத்தில் குறைவு. அதனால்தான் தீவனத்தில் சோயாப் புண்ணாக்கைச் சேர்க்கிறார்கள். இரண்டையும் தின்ற கோழி, குறையில்லாத புரதத்தை முட்டையாக்கித் தருகிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம்.

அந்த முட்டை நம் பிள்ளைகளிடம் வந்து சேர்கிறது. 1982இல் விரிவுபெற்ற சத்துணவுத் திட்டத்தில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. படிப்படியாக ஏறி, 2010இல் வாரத்துக்கு ஐந்து ஆனது. அதாவது வாரத்துக்கு 30 கிராம் நல்ல புரதம், அதுவும் வீட்டில் முட்டை வாங்க வழியில்லாத பிள்ளைக்கு. தமிழ்நாட்டில் மக்காச்சோளம் பசியாற்றிய கதை இதுதான்: ஆப்பிரிக்காவைப் போலக் களியாக அல்ல, கோழியின் வழியாக. இதை நான் சிறிய காரியமாக நினைக்கவில்லை.

ஆனால் நீண்ட வழியில் இடறும் இடங்களும் கூடுதல். 2018இல் கர்நாடகத்தில் தென்பட்ட அமெரிக்கப் படைப்புழு சில மாதங்களில் தமிழ்நாட்டுக் காடுகளுக்குள் புகுந்தது. குருத்துக்குள் ஒளிந்து தின்னும் அந்தப் புழு, ஒரே பயிரை நம்பிய பெரம்பலூரைக் கலங்கடித்தது. அன்று கம்பு போனால் துவரையாவது நின்றது. இப்போது போனால் மொத்தமும் போகிறது. விதையும் ஒவ்வொரு பட்டத்துக்கும் காசு கொடுத்து வாங்குவது. 2023 டிசம்பரில் கரும்புச்சாற்று எத்தனாலுக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தபின் எரிபொருளுக்கு எத்தனால் எடுக்கும் ஆலைகளும் மக்காச்சோளத்துக்குப் போட்டியாக வந்தன. உழவருக்கு அது நல்ல விலை. பண்ணைக்காரருக்குத் தீவனச் செலவு. காருக்கும் கோழிக்கும் நடக்கும் இந்த இழுபறியில் பிள்ளையின் முட்டை கைநழுவிவிடக் கூடாது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, தன் மக்காச்சோளக் காட்டில் களையெடுக்கும் பெண்ணைப் பற்றியது. சத்துணவு முட்டை அவள் பிள்ளைக்குக் கிடைக்கிறது, அவளுக்கு இல்லை. அவள் தட்டிலிருந்து சோளமும் கம்பும் போய்விட்டன. வந்தது வெள்ளை அரிசி மட்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. கம்பில் இருக்கும் அளவுக்கு இரும்புச்சத்து தீட்டிய அரிசியில் இல்லை. மக்காச்சோளம் விற்ற பணத்தில் அவள் பருப்பும் கீரையும் முட்டையும் வாங்கலாம்தான். ஆனால் விதைக்கடனும் உரக்கடனும் பள்ளிக் கட்டணமும் போக மிஞ்சினால்தானே அடுக்களைக்கு வரும்?

திரும்பிப் போக வேண்டியதில்லை. உலக்கையை மறுபடி அவள் கையில் கொடுக்கவும் வேண்டாம். தோல் நீக்க இப்போது இயந்திரம் இருக்கிறது. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். பெரம்பலூர் ரேஷன் கடையில் கம்பும் சோளமும் அப்படி வரலாம். லைசினும் டிரிப்டோபானும் கூடிய மக்காச்சோள ரகங்களை ஆய்வாளர்கள் உருவாக்கிவிட்டார்கள். இந்தியாவில் 2008இல் விவேக் கியூ.பி.எம். 9 என்ற ரகம் அப்படி வெளியானது. விளைவிப்பவர் வீட்டுக் களிக்கு அப்படி ஒரு ரகம் பயிராகலாம். எதுவும் வராவிட்டாலும், ஒரு ஏக்கர் மக்காச்சோளத்தில் பத்து சென்ட் கம்புக்கும் துவரைக்கும் ஒதுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மதியம் சத்துணவு மணி அடிக்கும்போது அவளுடைய பிள்ளை முட்டையைப் பிட்டு மஞ்சள் கருவை முதலில் தின்னும். கோழியால் அந்த நிறத்தைத் தானே உண்டாக்க முடியாது. அது தீவனத்திலிருந்து, மக்காச்சோள மணியிலிருந்து ஏறிய நிறம். அம்மா களையெடுத்த காடு நாமக்கல் போய்ச் சுற்றிக்கொண்டு பிள்ளையின் தட்டுக்கு வந்துவிட்டது. அவள் தட்டுக்கு வருவதற்கு அவ்வளவு தூரம் சுற்ற வேண்டியதில்லை. வரப்பைத் தாண்டினால் போதும்.