கங்காரு தாய் பராமரிப்பு

கங்காரு தாய் பராமரிப்பு என்பது குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்த குழந்தையைத் தாயின் மார்பில், தோலோடு தோல் படுமாறு, நாளின் பெரும்பகுதி நேரம் அணைத்து வைத்துத் தாய்ப்பாலூட்டி வளர்க்கும் முறை ஆகும். கங்காருவின் குட்டி ஏறத்தாழ 1 கிராம் எடையுடன், உறுப்புகள் முழுமையாக வளராத நிலையில் பிறந்து, தாயின் வயிற்றுப் பைக்குள் இருந்து வளர்கின்றது. அதனை ஒத்திருப்பதால் இம்முறை இப்பெயரால் அழைக்கப்படுகின்றது. இம்முறையில் குழந்தையைப் பேணும் பொறுப்பின் பெரும்பகுதி செவிலியரிடமிருந்து பெற்றோரிடம் வந்துசேர்கின்றது. ஆகவே, பெற்றோருக்கு, குறிப்பாக முதன்முறை பெற்றோர் ஆனவர்களுக்கு, பயிற்சி அளிப்பது இதன் இன்றியமையாத பகுதியாகும்.

பின்னணி

கருக்காலத்தின் 37 வாரங்கள் நிறைவுறும் முன் பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை எனப்படும். பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் குறைவாக இருப்பது எடைக்குறைவு எனக் கொள்ளப்படும். இக்குழந்தைகளுக்குத் தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. எடையுடன் ஒப்பிடுகையில் உடலின் மேற்பரப்பு அதிகம். இதனால் உடல் வெப்பம் விரைவாக வெளியேறுகின்றது. பால் தரும் ஆற்றல் வெப்பத்தை ஈடுகட்டுவதிலேயே செலவாகிவிட்டால் எடை கூடுவதில்லை. இரத்தத்தில் சர்க்கரை குறைதல், மூச்சு இடையிடையே நின்றுபோதல், நோய்த்தொற்று ஆகியனவும் இக்குழந்தைகளை எளிதில் பாதிக்கக்கூடியவை.

வரலாறு

1978 ஆம் ஆண்டு கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோட்டாவில் இம்முறை தொடங்கப்பட்டது. அங்கிருந்த தாய்சேய் மருத்துவமனை ஒன்றில் இன்குபேட்டர்கள் போதாமையால் ஒரே பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் வைக்கப்பட்டன. நோய்த்தொற்றும் இறப்பும் மிகுந்திருந்தன. பல நாட்கள் பிரிந்திருந்த தாய்மாருள் சிலர் குழந்தையை விட்டுவிட்டுச் சென்றதும் உண்டு. இந்நிலையில் குழந்தைநல மருத்துவர் எட்கர் ரேய் சனாப்ரியா, குழந்தைகளைத் தாய்மாரின் மார்பில் வைத்துப் பேணும் முறையைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு எக்தோர் மார்த்தினெஸ் என்னும் மருத்துவர் இப்பணியில் அவருடன் இணைந்தார். 1996 இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் கூடிய பன்னாட்டு வல்லுனர்கள் இதற்குக் கங்காரு தாய் பராமரிப்பு என்னும் பொதுப்பெயரை முன்வைத்தனர். உலக சுகாதார அமைப்பு 2003 இல் செய்முறை வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. இந்திய அரசின் வழிகாட்டு நெறிகள் 2014 இல் வெளிவந்தன.

கங்காரு நிலை

குழந்தைக்குத் தொப்பி, காலுறை, அணையாடை ஆகியன மட்டும் அணிவிக்கப்படும். அதனைத் தாயின் மார்பகங்களுக்கு இடையே நிமிர்ந்த நிலையில் வைக்கவேண்டும். தலை ஒரு பக்கம் திரும்பியும் சற்றே மேல்நோக்கியும் இருத்தல் வேண்டும். தலை முன்புறம் கவிழ்ந்தாலும் பின்புறம் மிகுதியாகச் சாய்ந்தாலும் மூச்சுப்பாதை அடைபடலாம். கைகால்கள் தவளையைப் போல் மடங்கியிருக்கும். பின்னர் துணியொன்றால் இருவரையும் சேர்த்துக் கட்டுவர். கட்டின் மேல்விளிம்பு குழந்தையின் காதுக்குச் சற்றுக் கீழே அமையும். வயிற்றுப் பகுதியில் கட்டு இறுகாமல் இருந்தால்தான் குழந்தை தடையின்றி மூச்சுவிட இயலும். இந்நிலையில் தாய் நடமாடலாம், அமரலாம், சாய்ந்தபடி உறங்கவும் செய்யலாம்.

பாலூட்டல்

உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் இசைவாகச் செய்யும் திறன் ஏறத்தாழ 34 வாரங்களில்தான் அமைகின்றது. அதுவரை தாய்ப்பாலைப் பிழிந்தெடுத்து, குழாய் வழியாகவோ சிறு கிண்ணத்தாலோ புகட்டுவர். தமிழ்நாட்டு வீடுகளில் வழங்கிவரும் பாலாடை அல்லது சங்கு எனப்படும், நீண்ட மூக்குடைய சிறு கலம் இந்திய மருத்துவமனைகளிலும் இதற்குப் பயன்படுகின்றது. குழந்தை அழும்வரை காத்திராமல் 2 அல்லது 3 மணி நேரத்திற்கு ஒருமுறை பால் தருதல் வேண்டும். சோர்ந்த குழந்தை பசித்தாலும் அழாது என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் அவசியம்.

பெற்றோர் கற்பவை

முதல் நாட்களில் இவ்வளவு சிறிய குழந்தையைத் தூக்குவதற்கே பெற்றோர் அஞ்சுவது இயல்பு. கழுத்தையும் பிட்டத்தையும் தாங்கித் தூக்குதல், கட்டினுள் வைத்தல், வெளியே எடுத்தல் ஆகியவற்றைச் செவிலியர் செய்துகாட்டுவர். பின்னர் பெற்றோரைச் செய்யவைத்துக் கவனிப்பர். கருவியின்றி வெப்பத்தை அறியும் எளிய முறையும் கற்பிக்கப்படுகின்றது. வயிறும் பாதமும் வெதுவெதுப்பாக இருந்தால் குழந்தை நலம். வயிறு வெதுவெதுப்பாகவும் பாதம் குளிர்ந்தும் இருந்தால் குளிர் தாக்கத் தொடங்கியுள்ளது. இரண்டுமே குளிர்ந்திருந்தால் உடனடி மருத்துவ உதவி தேவை.

பால் குடிக்க மறுத்தல், அசைவு குறைதல், மூச்சு நின்றுபோதல் அல்லது மிக வேகமாதல், மார்பு உள்ளிழுத்தல், உதடு நீலம் பூத்தல், வலிப்பு ஆகியன பிற ஆபத்துக் குறிகள். இவற்றை இனங்காண அறிந்த பின்னரே வீட்டுக்கு அனுப்புதல் பாதுகாப்பானது. வீட்டிலும் இம்முறை தொடர்வதுடன், எடை கூடுவதைக் குறித்த நாட்களில் பரிசோதிக்கவேண்டும்.

பெயரில் தாய் என்று இருப்பினும் தந்தை, பாட்டி முதலியோரும் குழந்தையை இவ்வாறு அணைத்து வைக்கலாம். தாய் குளிக்கவும் உண்ணவும் ஓய்வெடுக்கவும் இது உதவுகின்றது. குழந்தை ஏறத்தாழ 2,500 கிராம் எடையை எட்டும்போது கட்டினுள் நெளிந்து வெளியேற முயலும். இம்முறையை நிறுத்தலாம் என்பதற்கு அது அடையாளம்.

ஆய்வுகள்

உடல்நிலை சீரான பின்னரே இம்முறையைத் தொடங்கவேண்டும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில் 1,000 முதல் 1,799 கிராம் வரை எடையுள்ள 3,211 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2021 இல் வெளியான ஆய்வு இக்கருத்தை மாற்றியது. பிறந்தவுடன் தொடங்கிய பிரிவில் 28 நாட்களுக்குள் இறந்தோர் 12.0%, பிந்தித் தொடங்கிய பிரிவில் 15.7%. முதற் பிரிவில் தாய்மாரும் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே குழந்தையுடன் தங்கவைக்கப்பட்டனர். 2022 இல் உலக சுகாதார அமைப்பு, பிறந்த பின் இயன்றளவு விரைவாகத் தொடங்கி நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் இம்முறையைப் பின்பற்றப் பரிந்துரைத்தது.

எனினும், தானாக மூச்சுவிட இயலாத குழந்தைக்கும் அதிர்ச்சி நிலையில் உள்ள குழந்தைக்கும் முதலில் மருத்துவச் சிகிச்சையே தேவை. இன்குபேட்டர் இல்லாக் குறையை நிரப்பத் தோன்றிய இம்முறை, இன்று அக்கருவிகள் நிறைந்த மருத்துவமனைகளிலும் பின்பற்றப்படுகின்றது.