ஜெனரேட்டர் கரண்ட் தெருவுக்குப் போனால்...



உங்களிடம் ஒரு கேள்வி. ஊரே இருட்டாக இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரையும் ஆஃப் பண்ணியாச்சு. அப்புறமும் கம்பத்தில் ஏறியவருக்கு ஷாக் அடிக்குமா? "கரண்டே இல்லையே, எப்படி அடிக்கும்?" என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. எங்கள் தெருவிலும் பல நாள் கரண்ட் கிடையாது. அப்போ நான் நாலாங்கிளாஸ். மேல் டேங்க்கில் தண்ணீர் ஏற்ற சித்தப்பா வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் பிடித்து வந்தார். கொடுத்தவரே ஒரு ஒயரும் தந்தார். அதன் இரண்டு முனையிலும் பிளக்! ஒன்று ஜெனரேட்டரில், இன்னொன்று வீட்டு பிளக் பாயிண்ட்டில். மோட்டார் ஓடியது, லைட்டும் எரிந்தது. எங்களுக்கு ஒரே குஷி.

வெளி மாவட்டத்திலிருந்து வந்திருந்த லைன்மேன் ஒருவர் சத்தம் கேட்டு உள்ளே வந்தார்.

"அண்ணே, மெயினை இறக்கிட்டீங்களா?"

"கரண்டுதான் வரலையேண்ணே, எதுக்கு இறக்கணும்?"

அவர் ஒன்றும் பேசவில்லை. நேராகப் போய் மெயினை இறக்கி, பீஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நான் கம்பத்துலேர்ந்து இறங்கினப்புறம் தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் ஏன் அப்படிச் செய்தார்? மெயின் மேலே இருந்தால் ஜெனரேட்டர் கரண்ட் நம் வீட்டோடு நிற்காது, மீட்டர் வழியாகவே திரும்பித் தெருக் கம்பிக்குப் போகும். அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்கும் போகலாம். 11,000 வோல்ட்டை நம் வீட்டு அளவுக்குக் குறைப்பது அந்த டிரான்ஸ்ஃபார்மர்தான். அதே பெட்டியில் இந்தப் பக்கமிருந்து கரண்ட் நுழைந்தால் ஏறக்குறைய 44 மடங்கு ஏற்றிவிடும். 230-ஐ 44-ஆல் பெருக்கிப் பாருங்கள். பத்தாயிரம் வோல்ட் தாண்டுகிறது!

"சின்ன ஜெனரேட்டர் தெரு பூரா லோடு இழுக்குமா? நின்னுடும்" என்று சிலர் வாதாடுவார்கள். பல சமயம் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் புயலில் கம்பி பக்கத்திலேயே அறுந்து கிடந்தால் இழுக்க லோடே இருக்காது. ஜெனரேட்டர் பாட்டுக்கு ஓடும், அறுந்த கம்பியில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். 230 வோல்ட்டே ஆளைக் கொல்லப் போதும்.

அந்த இரட்டை பிளக் ஒயரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு முனை கழன்று விழுந்தால் பித்தளைப் பின்னெல்லாம் கரண்டோடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கேட்கவே வேண்டாம். மெயின் இறக்காத நேரத்தில் ஈ.பி. கரண்ட் வந்துவிட்டால் இரண்டும் மோதி ஜெனரேட்டர் சுருள் கருகிப்போகும்.

சரி, என்னதான் வழி? சேஞ்ச் ஓவர் சுவிட்ச். மீட்டருக்கும் மெயினுக்கும் அப்புறம், வீட்டு லைன் பிரிவதற்கு முன்னால் இதை மாட்டுவார்கள். ஒரே கைப்பிடிதான். ஒரு பக்கம் தள்ளினால் ஈ.பி., மறுபக்கம் தள்ளினால் ஜெனரேட்டர், நடுவில் நிறுத்தினால் இரண்டும் இல்லை. இரண்டு கரண்டும் ஒரே நேரத்தில் சேரவே வழி கிடையாது. மெயினை இறக்க மறந்துவிட்டாலும் கவலையில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் சித்தப்பா மறதிக்காரர். பேஸ் கம்பியோடு நியூட்ரலையும் சேர்த்து மாற்றுகிற டபுள் போல் வகைதான் வேண்டும். த்ரீ பேஸ் வீட்டுக்கு நாலு போல். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியன்தான் மாட்ட வேண்டும். எர்த்தும் அவரே பார்த்துக் கொடுப்பார். சேஞ்ச் ஓவர் இல்லாத வீடுகளில் ஜெனரேட்டரை வீட்டு லைனோடு சேர்க்கவே கூடாது. தனி எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு ஃபிரிட்ஜையோ செல்போன் சார்ஜரையோ நேராக ஜெனரேட்டரிலேயே சொருகிக்கொள்ளலாம்.

ஓட்டும்போதும் ஒரு முறை இருக்கிறது. முதலில் ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிஷம் ஓடவிட வேண்டும், பிறகு கைப்பிடியைத் தள்ள வேண்டும், அதற்கப்புறம் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ஒரு ஹெச்.பி. மோட்டார் என்றால் 746 வாட்ஸ்தானே என்று கணக்குப் போடாதீர்கள். கிளம்பும்போது அது பல மடங்கு இழுக்கும்.

முக்கியமான ஒன்று, புகை. மழை பெய்கிறதென்று ஜெனரேட்டரை வராண்டாவிலோ படிக்கட்டுக்கு அடியிலோ வைக்கிறார்கள். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். ஜன்னலிலிருந்து இருபது அடியாவது தள்ளி, திறந்த வெளியில் வைக்க வேண்டும். சூடு ஆறாமல் பெட்ரோலும் ஊற்றக் கூடாது.

அன்று சாயங்காலம் அந்த லைன்மேன் அண்ணன் சொன்னபடியே வந்து பீஸ் கட்டைகளைத் தந்தார். பாட்டி கொடுத்த கருப்பட்டிக் காப்பியை நின்றபடியே குடித்தார். அடுத்த பொங்கலுக்குள் எங்கள் வீட்டில் சேஞ்ச் ஓவர் மாட்டியாச்சு. அதில் சிவப்பு பெயிண்டால் 'ஈ.பி.', 'ஜென்' என்று எழுதியது நான்தான். எழுத்து மட்டும் கொஞ்சம் கோணலாக இருக்கும்.

– பதினோராம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி