பிறைநிலாத் தட்டும் ஷ்ரிங்க் ஃபிட்டும்

ஒரகடம், வல்லம் வடகால் பக்கத்துப் பட்டறைகளில் ‘ஷ்ரிங்க் ஃபிட்’ என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வளையத்தைச் சூடாக்கினால் விரியும். அல்லது உள்ளே போகவேண்டிய புஷ்ஷைத் திரவ நைட்ரஜனில் முக்கினால் சுருங்கும். சட்டென்று பொருத்திவிட்டுக் காத்திருந்தால் போதும், சுத்தியல் படாமலே இரண்டும் இறுகிக்கொள்ளும்.

இதே வித்தையை ஸ்விட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வு நிறுவனக் குழுவினர் வேறொன்றுக்குப் பயன்படுத்தினார்கள். கடோலினியம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் சேர்ந்த கறுப்புப் பீங்கானை அரைநிலா வடிவில் மைக்ரான் துல்லியத்தோடு கடைந்து, காடி வெட்டிய செம்புத் தட்டுக்குள் ஷ்ரிங்க் ஃபிட் செய்தார்கள். அப்படி 20 பிறைகள், ஒன்று மேலே, அடுத்தது கீழே என்று மாற்றி மாற்றி. உருவானது ஓர் அண்டுலேட்டர்.

அண்டுலேட்டர் என்பது எலக்ட்ரானைப் பாம்புபோல நெளிந்து ஓடவைக்கும் காந்த வரிசை. வடக்கு, தெற்கு, மறுபடி வடக்கு என்று புலம் மாறிக்கொண்டே இருக்கும். ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் வரும் எலக்ட்ரான் ஒவ்வொரு நெளிவிலும் ஒளியை உமிழும். எல்லா நெளிவுகளின் ஒளியும் கைகோத்துக் கூர்மையான எக்ஸ் கதிராக வெளியேறும். 1950களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் ஹான்ஸ் மோட்ஸ் முதன்முதலில் இதைச் செய்து காட்டினார்.

இதில் ஒரு வேடிக்கையான கணக்கு உண்டு. இந்தூரில் உள்ள நம் ‘இண்டஸ்-2’ சின்க்ரோட்ரான் இயந்திரத்தின் எலக்ட்ரான் ஆற்றல் 2.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட். அந்த வேகத்தில் 1 செ.மீ. நெளிவு, ஒளியின் அலைநீளமாக வரும்போது 5 கோடியில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதாவது அணுவுக்கும் அணுவுக்கும் இடைப்பட்ட தூரத்தின் அளவு. புலம் பலமாக இருந்தால் இது இன்னும் நீளும். ஆகவே நெளிவு எவ்வளவு குட்டையோ, அவ்வளவு சிறிய இயந்திரத்திலேயே நல்ல எக்ஸ் கதிர் கிடைக்கும். ஆனால் சாதாரண நிரந்தரக் காந்தங்களை நெருக்கி அடுக்கினால், எலக்ட்ரான் ஓடும் நடு இடைவெளியில் புலம் மளமளவென்று சரிந்துவிடும். நயோபியம்–டைட்டானியம் கம்பிச் சுருள்கள் இதைவிடப் பலமான புலம் தரும். அவற்றுக்குத் திரவ ஹீலியத்தின் குளிர், 4 கெல்வின் வேண்டும். இந்தியா ஹீலியத்தை இறக்குமதிதான் செய்கிறது.

பால் ஷெரர் குழுவின் கறுப்புப் பீங்கான் போன்ற ‘உயர்வெப்ப மீகடத்தி’ வருவது இங்கேதான். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இயற்பியலாளர்கள் பெட்னார்ஸும் முல்லரும் 1986இல் வழிகாட்ட, மறு ஆண்டே கிடைத்த இட்ரியப் பீங்கான் மின்தடையை முற்றாக இழந்தது 93 கெல்வினில், அதாவது மைனஸ் 180 டிகிரி செல்சியஸில். அதுவே பெரிய செய்தி, ஏனென்றால் 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனே குளிரூட்டப் போதும். கொரோனாக் காலத்தில், 2021 ஏப்ரலில், ஸ்ரீபெரும்புதூர் ஆலையின் ஆக்சிஜனை வெளிமாநிலங்களுக்குத் திருப்பக் கூடாதென்று அன்றைய தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதியது நினைவிருக்கலாம். காற்றைக் குளிர்வித்து அந்த ஆக்சிஜனைப் பிரிக்கும் அதே முறையில்தான் நைட்ரஜனும் பிரிகிறது, ஹீலியம்போல இறக்குமதிக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த வகைப் பீங்கான் ஏன் மீகடத்துகிறது என்று 1987இலேயே இயற்பியலாளர் ஆண்டர்சனோடு சேர்ந்து ஒரு கோட்பாட்டை முன்வைத்தவர் நம் ஜி. பாஸ்கரன். தரமணி கணித அறிவியல் நிறுவனத்துக்காரர்.

பால் ஷெரர் குழுவின் பிறைகளில் கம்பிச்சுற்று கிடையாது. 10 டெஸ்லா சுருளுக்குள் வைத்து, பலமான புலத்தைப் பிடித்துவைக்க நைட்ரஜனின் குளிரையும் தாண்டி 10 கெல்வினுக்குக் குளிர்வித்து, பிறகு வெளிப்புலத்தைக் குறைத்தார்கள். மாற்றத்தை விரும்பாத பீங்கான் தனக்குள்ளேயே மின்னோட்டத்தை எழுப்பிப் புலத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. பிறைகள் மேலும் கீழுமாக நிற்பதால் புலமும் மேலும் கீழுமாக வளைகிறது. 10 மி.மீ. நெளிவில், 4 மி.மீ. இடைவெளியில் 2.1 டெஸ்லா. அந்த அளவுகளில் அதற்குமுன் யாரும் எட்டாதது. அப்போது பீங்கானுக்குள் எழும் விசை அதைப் பிளக்கப் பார்க்கும். சுற்றியிருக்கும் செம்பு இறுக்கிப் பிடித்திருப்பதால்தான் அது தப்பிக்கிறது. குளிரும் செம்பு வழியாகத்தான் உள்ளே போகிறது. ஷ்ரிங்க் ஃபிட் இல்லையென்றால் இந்தச் சாதனையே இல்லை.

இண்டஸ்-2இல் முதலில் பொருத்திய அண்டுலேட்டர்கள் இத்தாலியில் செய்து வந்தவை. இயற்பியல் நமக்குத் தெரியாததாலா? இல்லை. பீங்கானைக் கடைவது, செம்பில் காடி வெட்டுவது, மைக்ரானில் அளப்பது என்று இதில் பாதி வேலை பட்டறை வேலை. அதற்கான கையும் கண்ணும் சுங்குவார்சத்திரம் முதல் ஒரகடம் வரை ஷிப்டுக்கு ஷிப்ட் கார் பாகங்களில் இருக்கின்றன. கரடுமுரடான இடம் மூலப்பொருள். 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்த 7 அருமண் தனிமங்களில் கடோலினியமும் இட்ரியமும் உண்டு. மோட்டார் காந்தத்துக்காக அப்போது கார் கம்பெனிகள் பட்ட பாடு இதற்கும் பொருந்தும்.

இரண்டு பீங்கான் பிறைகள் ஒருபோதும் ஒன்றுபோல் இருக்காது. அதனால் ஒவ்வொன்றையும் அளந்து, ஒன்றின் பிழையை அடுத்தது ஈடுகட்டும்படி வரிசைப்படுத்தவேண்டும். எஞ்சின் லைனில் வேலை பார்ப்பவரிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்படமாட்டார். சிலிண்டர் துளையை அளந்து, அதற்கு ஒத்த கிரேடு பிஸ்டனைத் தேடி எடுப்பது அவருக்குத் தினசரி வேலை.