சிட்டுக்கு ஒரு பிடி தானியம்



உண்ணுமுன் காக்கைக்கு ஒரு கவளம் வைப்பது நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். தில்லியில் குடியேறிய பின்னும் நம்மிற் பலர் அதனைக் கைவிட்டிலர். நாமும் நம் குடியிருப்பின் மாடி முகப்பில் அகன்ற தட்டொன்றில் நாள்தோறும் அரிசி வைத்தோம். வந்தவை சிட்டுக்குருவிகள் அல்ல, புறாக்கள். சில வாரங்களில் கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மையார், உலர்த்திய துணிகளில் படிந்த எச்சத்தை நம்மிடம் காட்டி வருந்தினார். அவர் வருத்தம் நியாயமானதே. உலர்ந்த புறா எச்சத்தின் தூளை நெடுங்காலம் சுவாசித்தால் சிலருக்கு நுரையீரல் அழற்சி உண்டாகும் என்பது மருத்துவர் கூற்று.

இந்தி மொழியினர் 'கௌரையா' என்றழைக்கும் சிட்டுக்குருவி, 2012ஆம் ஆண்டில் தில்லியின் மாநிலப் பறவையாக அறிவிக்கப்பெற்றது. அதன் எடை 30 கிராமுக்கு மேற்படுவது அரிது. புறாவோ ஏறத்தாழ 300 கிராம் இருக்கும். இவ்விரண்டும் ஒரே தட்டில் கூடினால் வலியதே வயிறு நிரம்பும். ஆகவே, உருவ வேற்றுமையையே நாம் துணையாகக் கொள்ளல் வேண்டும்.

ஒன்றரை அங்குலக் கண்களையுடைய கம்பிவலையால் கூண்டு ஒன்று அமைத்து, அதன் நடுவே சிறு கிண்ணத்தை வைக்கலாம். சிட்டு எளிதில் நுழைந்து வெளிவரும். புறா, காகம், மைனா ஆகியவற்றிற்கு வழியிராது. வலைக்கும் கிண்ணத்திற்கும் இடையே ஆறு அங்குலமேனும் இருத்தல் நன்று. இன்றேல் புறா வெளியில் நின்றே கழுத்தை நீட்டிக் கொத்திவிடும். கூண்டைக் கம்பியில் தொங்கவிட்டு, சிந்துவதை ஏற்க அடியில் ஆழமான தட்டு ஒன்றும் பொருத்துக. சிந்திய தானியமே புறாவையும் எலியையும் அழைக்கும் ஓலை.

கம்பு, தினை, நொய்யரிசி ஆகியவை சிட்டுக்கு ஏற்றவை. உப்பிட்டதும் எண்ணெயில் பொரித்ததும் ஆகா. காலையில் ஒரு பிடி போதும். எஞ்சியதை மாலையில் அகற்றிவிடுக. வெப்பம் 40 பாகையைக் கடக்கும் கோடையில் தானியத்தினும் தண்ணீரே பெரிய உதவி. ஆழமற்ற மண்தட்டில் வைத்து நாள்தோறும் மாற்றுக. மாற்றாத நீரில் கொசு பெருகும். எச்சம் படிந்திருப்பின் உலர்ந்தபடியே பெருக்காது, நீர் தெளித்து நனைத்தபின் துடைக்க வேண்டும்.

மற்றொன்றும் கருதற்பாலது. சிட்டின் குஞ்சுகள் பெரும்பாலும் புழு பூச்சிகளையே உண்டு வளர்கின்றன. எனவே தொட்டிச் செடிகளில் நச்சுமருந்து தெளியாதிருப்பதும் அவற்றிற்கு உணவிடுவதேயாகும்.

பெரிய பறவைகளை விலக்குவது அறமாகுமோ எனச் சிலர் வினவலாம். புறாவும் காகமும் நகரெங்கும் இரை தேடி வாழ வல்லவை. நம் கிண்ணத்தை நம்பியிருப்பன அல்ல. எளியதன் பங்கை வலியது கவராமற் காப்பதும் ஈகையின் ஒரு பகுதியே. இப்போது நம் முகப்பில் காலைதோறும் ஏழெட்டுச் சிட்டுகள் வருகின்றன. கீழ்வீட்டு அம்மையாரும் தம் சன்னலில் ஒரு கூண்டு தொங்கவிட்டுள்ளார்.