பனி பெய்த மறுநாள் காலை

இதய அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய ஒருவர், மூன்றாம் வாரத்திலேயே மீண்டும் எமது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். மருந்து எதனையும் அவர் தவறவிடவில்லை. வீட்டு வாகனப்பாதையின் வாயிலில் பனி குவிந்து, மகளின் கார் வெளியே வர இயலாதிருந்தது. ஐந்து நிமிட வேலைதானே என்று சவளைக் கையில் எடுத்துவிட்டார். நல்லவேளையாக, பிணைத்திருந்த நெஞ்செலும்பு விலகவில்லை. அன்றுதொட்டு, குளிர்காலத்தில் எவரையேனும் வீட்டுக்கு அனுப்பும்போது, மருந்துப் பட்டியலோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கிறோம்: உங்கள் வீட்டில் பனி வழிப்பவர் யார்?

இக்கேள்விக்கு விடை காண, ரொறொன்ரோ மாநகரசபை பனியை எந்த ஒழுங்கில் அகற்றுகின்றது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். முதலில் விரைவுச்சாலைகள், அடுத்து, பனி ஏறத்தாழ 5 செ.மீ. சேர்ந்ததும் பேருந்து ஓடும் பிரதான வீதிகள். குடியிருப்புகளின் உள்வீதிகளுக்கோ, 8 செ.மீ. சேர்ந்த பின்னரே வழிப்பு வண்டி வரும். அதுவும் பனி ஓய்ந்த பிறகு, முழு நகரையும் சுற்றிவர அரைநாளுக்கு மேலாகும். ஆகவே 6, 7 செ.மீ. மட்டும் விழுந்த நாளில், உங்கள் வீதிக்கு வண்டி வராமலே போகக்கூடும். அது எவரும் உங்களை மறந்ததனால் அன்று, ஒழுங்கே அவ்வாறானது. 1999 ஜனவரியில் பனி எல்லை மீறியபோது, அன்றைய மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தையே உதவிக்கு அழைத்தார். நாட்டின் ஏனைய பகுதியினர் அதைச் சொல்லி இன்றும் எம்மைப் பார்த்துச் சிரிப்பதுண்டு.

எமது கவலை பெரும்பாலும் வண்டி வந்துபோன பின்னரே தொடங்குகின்றது. வீதியை வழிக்கும் வண்டி, பனியை ஓரத்துக்கு ஒதுக்கிச் செல்கையில், ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் வயல் வரம்பு போல ஒரு மேட்டை விட்டுச் செல்லும். தூவற்பனி போலன்றி, இது நசுங்கி, உப்புநீர் ஊறி, கட்டியாகிய பனி. ஒரு சவள் நிறைய அள்ளினால் ஏழு கிலோகிராமையும் எளிதில் தாண்டும். நெஞ்செலும்பு அறுவைச் சிகிச்சை பெற்றவருக்கு முதல் வாரங்களில் நாம் அனுமதிக்கும் சுமையோ ஏறத்தாழ நான்கரை கிலோகிராம் மட்டுமே.

அறுவைச் சிகிச்சை பெறாதவர்க்கும் இது தீங்கற்றதன்று. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மூச்சை அடக்கிச் சுமை தூக்குகையில் இரத்த அழுத்தம் சட்டென உயர்கின்றது. கியூபெக் மாநிலத்து மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, கடும் பனிப்பொழிவுக்கு மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பு அதிகரித்தமையைக் கண்டது. பெண்களிடையே அத்தகைய உயர்வு தென்படவில்லை. சவள் யார் கையில் இருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ போன்ற பகுதிகளில், இயந்திரம் நுழைய இடமுள்ள வீதிகளில், அந்த வரம்பையும் மாநகரசபையே பின்னர் திறந்துவிடுகின்றது. முழுவதையும் அன்று, ஒரு கார் செல்லுமளவு மட்டும். வழிப்பு வண்டி போய்ச் சில மணிநேரம் பொறுத்திருந்தால், அப்பாவின் சவளுக்கு வேலை இராது. முதியோருக்கும் உடற்குறைபாடு உடையோருக்கும் தனியான பனி அகற்றும் உதவியும் உண்டு. அதுபற்றி 311 என்னும் இலக்கத்தில் விசாரித்து, பனிக்காலம் தொடங்குமுன்னரே விண்ணப்பியுங்கள். வாரமொன்றுக்கு மும்முறை இரத்தச் சுத்திகரிப்புக்கு வருவோரை இதனை இன்றே செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

அவர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். பெரும்பனி வருமென்ற அறிவிப்பைக் கண்டதும், முதல்நாளே சிகிச்சைப் பிரிவுக்கு அழையுங்கள். இயலுமாயின் நேரத்தை முன்தள்ளித் தருவோம். வரவே முடியாது போனால், வீட்டிலிருந்து தாமாக ஒரு முறையைத் தவிர்த்துவிட வேண்டாம். அந்த இடைவெளியில் நீரையும் பொட்டாசியம் மிகுந்த உணவையும் எவ்வளவு குறைக்கவேண்டும் என்பதைத் தாதியர் தொலைபேசியிலேயே கூறுவர். வீல்-ட்ரான்ஸ் வண்டியில் வருவோர், கதவிலிருந்து வீதிவரை சக்கர நாற்காலி உருளும் அகலத்துக்கு வழி திறந்திருப்பதை உறுதிசெய்யவேண்டும். அம்புலன்ஸ் படுக்கைக்கும் அதே வழிதான்.

உப்பு ஏறத்தாழ −10 பாகை செல்சியசுக்குக் கீழே வலுவிழந்துவிடும். அத்தகைய நாளில் படிகளில் மணலைத் தூவுங்கள். ஊன்றுகோலின் நுனியில் பொருத்தும் பனிமுள் மருந்தகங்களில் கிடைக்கின்றது. ஆனால் எமது வாயிலுக்குள் நுழைந்ததும் அதை மடக்கிவிடுங்கள். பனியில் பற்றும் அந்த முள், எமது வழுவழுப்பான தரையில் வழுக்கும்.