உங்களுக்குத் தெரியுமா? மாங்கோ தெரு முதல் ஹார்லெம் வரை

மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா, டொமினிகன் குடியரசு என்று பல மண்ணின் வேர்களோடு அமெரிக்காவில் வளரும் லத்தீனோ பிள்ளைகளின் கதைகளுக்கு இன்று அந்நாட்டு நூலகங்களில் தனி மவுசு. அந்தக் கதைகள் அலமாரிக்கு வந்து சேர்ந்த கதையும் சுவாரசியமானதுதான்.

★ சாண்ட்ரா சிஸ்னெரோஸ் எழுதிய 'தி ஹவுஸ் ஆன் மாங்கோ ஸ்ட்ரீட்' நாவலை 1984இல் வெளியிட்டது ஆர்ட்டே பூப்ளிகோ என்ற சின்னப் பதிப்பகம். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இயங்குவது. நாவலில் 44 குட்டி அத்தியாயங்கள். பல அத்தியாயங்கள் ஓரிரு பக்கத்தில் முடிந்துவிடும். சிகாகோவில் வளரும் எஸ்பெரான்ஸா என்ற சிறுமிதான் கதை சொல்கிறாள். நியூயார்க்கின் பெரிய பதிப்பகம் ஒன்று இந்த நூலை மறுபதிப்பாகக் கொண்டுவர 1991 ஆயிற்று. இன்று அமெரிக்கப் பள்ளிகளில் இது பரவலாகப் பாடமாக இருக்கிறது.

★ அந்த நாவலின் விதை விழுந்தது ஒரு சங்கடத்தில். அயோவா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற எழுத்துப் பட்டறையில் சிஸ்னெரோஸ் மாணவி. ஒருநாள் வகுப்பில் பிரெஞ்சுத் தத்துவவாதி பாஷ்லார் வீட்டைப் பற்றி எழுதியதை வைத்துப் பேச்சு. பரண், நிலவறை, மாடிப்படி என்று மற்றவர்கள் தங்கள் பால்ய வீடுகளை நினைத்து உருகுகிறார்கள். ஆறு சகோதரர்களோடு வாடகைக் குடியிருப்புகளில் வளர்ந்த சிஸ்னெரோஸுக்குச் சொல்ல எதுவும் இல்லை. கூசிப்போய் உட்கார்ந்திருந்தவருக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது: இந்த வகுப்பில் வேறு யாராலும் எழுத முடியாத விஷயம் நம்மிடம் மட்டும்தான் இருக்கிறது! பட்டறைகள் எழுத்தாளரை உருவாக்குமா என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு பதில். எரிச்சலூட்டியும் உருவாக்கும்.

★ எஸ்பெரான்ஸாவின் கனவு சொந்த வீடு. அவளைப் படைத்தவருக்கு அது டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் அமைந்தது. 1997இல் அந்த வீட்டுக்கு அவர் பளிச்சென்று ஊதா நிறம் அடிக்க, பழைய கட்டடங்கள் நிறைந்த அந்தப் பகுதியைப் பாதுகாக்கும் நகர ஆணையம் கொதித்தது; இந்த நிறத்துக்கு இங்கே வரலாற்று ஆதாரம் இல்லையாம். எங்கள் மக்களின் வீடுகளை யாரும் ஆவணப்படுத்தவே இல்லையே, ஆதாரத்துக்கு எங்கே போவது என்று சிஸ்னெரோஸ் வாதாடினார். ஊரே இரண்டுபட்டது. கடைசியில் பஞ்சாயத்தைத் தீர்த்து வைத்தது டெக்சாஸ் வெயில். நிறம் மங்கி வெளிறிப்போனதும் ஆணையம் சமாதானமாகிவிட்டது.

★ 1921இல் நியூயார்க் பொது நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பூரா பெல்ப்ரேதான் அங்கே முதல் போர்ட்டோ ரிக்கோ நூலகர். பாட்டி சொன்ன கதை எதுவும் அலமாரியில் இல்லை என்று கண்டவர், தானே எழுதினார். 1932இல் வெளிவந்த 'பெரெஸ் அண்ட் மார்ட்டினா'வில் காதலன் எலி, காதலி கரப்பான்பூச்சி! லத்தீனோ சிறார் இலக்கியத்துக்கு 1996 முதல் வழங்கப்படும் விருது அவர் பெயரில்தான். பதின்பருவத்தினர் நூல்களுக்கென்று அதில் தனிப் பிரிவு வர 2021 ஆயிற்று.

★ அமெரிக்காவில் புத்தகத்தை எரித்திருக்கிறார்களா? எரித்திருக்கிறார்கள். ருடால்ஃபோ அனாயாவின் 'பிளஸ் மி, அல்டிமா' (1972) நியூ மெக்சிகோவில் அந்தோனியோ என்ற சிறுவனையும் மூலிகை வைத்தியம் பார்க்கும் ஒரு மூதாட்டியையும் பற்றிய நாவல். கதை நடக்கும் அதே மாநிலத்தில், புளூம்ஃபீல்டு என்ற ஊரில், 1981இல் அதைக் கொளுத்தினார்கள். பின்னாளில் அனாயாவுக்குத் தேசிய மானுடப் பண்பியல் பதக்கத்தை அணிவித்தவர் அதிபர் ஒபாமா.

★ புத்தகக் கடத்தலும் நடந்திருக்கிறது. அரிசோனா மாநிலம் 2010இல் கொண்டுவந்த சட்டத்தின் விளைவாக, டூசான் நகரப் பள்ளிகளில் நடந்துவந்த மெக்சிகன்-அமெரிக்கப் பாடப்பிரிவு 2012 ஜனவரியில் மூடப்பட்டது. சில நூல்களை வகுப்பறையிலிருந்தே பெட்டி கட்டி எடுத்துப் போனார்கள். மேட் டி லா பேனியாவின் 'மெக்சிகன் ஒயிட்பாய்' போன்ற இளையோர் நாவல்களும் பாடத்தில் இடம் இழந்தன. பாதி மெக்சிகன், பாதி வெள்ளையர் என்று எந்தப் பக்கமும் ஒட்டாமல் தவிக்கும் பேஸ்பால் பையனின் கதை அது. என்ன ஆபத்து கண்டார்களோ! ஹூஸ்டனில் எழுத்தாளர் டோனி டயஸும் நண்பர்களும் தங்களுக்கு 'லிப்ரோட்ராஃபிகான்டே', அதாவது புத்தகக் கடத்தல்காரர்கள், என்று பெயர் சூட்டிக்கொண்டு, 2012 மார்ச்சில் பேருந்தில் நூல்களை ஏற்றி டூசானுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். வழியெல்லாம் ரகசிய நூலகங்கள் வேறு திறந்தார்கள். அந்தச் சட்டம் அமல்படுத்தப்பட்டதன் பின்னணியில் இன வெறுப்பு இருந்தது என்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2017இல்.

★ எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறார் நூல் மையம் 2013இல் தன் கைக்கு வந்த சுமார் 3,200 நூல்களைப் புரட்டியது. லத்தீனோக்களைப் பற்றியவை 57. அவர்களே எழுதியவை 48.

★ எலிசபெத் அசெவெடோ மேரிலாந்தில் எட்டாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தவர். படிக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்த மாணவி ஒருத்தி, இந்தப் புத்தகங்களில் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று திருப்பிக் கேட்டாள். மேடைக் கவிஞரான அசெவெடோ பிற்பாடு எழுதிய 'தி போயட் எக்ஸ்' (2018) முழுக்கக் கவிதையிலேயே நகரும் நாவல். நியூயார்க்கின் ஹார்லெமில் கண்டிப்பான டொமினிகன் தாயிடம் மாட்டிக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தில் கோபத்தைக் கொட்டும் ஷியோமாராவின் கதை. தேசிய நூல் விருது, பிரின்ட்ஸ் விருது, பெல்ப்ரே விருது மூன்றும் கிடைத்தன. 2019இல் பிரிட்டனின் கார்னகி பதக்கமும் சேர்ந்தது; வெள்ளையர் அல்லாத ஒருவர் அதைப் பெற்றது அப்போதுதான் முதல் தடவை.

★ அசெவெடோவின் 'கிளாப் வென் யூ லேண்ட்' (2020) நாவலில் ஒரு விமான விபத்தில் அப்பா இறந்த பிறகுதான், இரு நாட்டில் வளரும் இரண்டு பெண்களுக்கு அவர்கள் அக்கா தங்கை என்பதே தெரியவருகிறது. இதற்குத் தூண்டுதல் ஒரு நிஜ விபத்து. 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கிலிருந்து சாண்டோ டொமிங்கோவுக்குக் கிளம்பிய விமானம் குவீன்ஸ் பகுதியில் விழுந்து 265 பேர் இறந்தார்கள். இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு இரண்டே மாதம் கழித்து நடந்தது. டொமினிகன் குடும்பங்களைத் தவிர நாடு அதைச் சீக்கிரமே மறந்துபோனது.

★ 'அரிஸ்டாட்டில் அண்ட் டான்டே டிஸ்கவர் தி சீக்ரெட்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ்' (2012): 1980களின் எல் பாசோ நகரில் இரு மெக்சிகன்-அமெரிக்கப் பையன்களின் நட்பு காதலாகும் கதை. எழுதிய பெஞ்சமின் அலீரே சாயென்ஸ் ஒரு காலத்தில் கத்தோலிக்கப் பாதிரியார்! ஒலிநூலுக்குக் குரல் கொடுத்தவர் 'ஹாமில்டன்' இசைநாடகப் புகழ் லின்-மானுவல் மிராண்டா.

★ மெக் மெதினாவின் 2013ஆம் ஆண்டு நாவல், பள்ளியில் ஒரு பெண்ணை இன்னொருத்தி அடித்து மிரட்டுவதைப் பற்றியது. தலைப்பிலேயே பின்புறத்தைக் குறிக்கும் கொச்சைச் சொல் இருக்கிறது. இத்தகைய வன்முறையைக் கண்டித்துப் பேச அவரை அழைத்த ஒரு பள்ளி, தலைப்பை மட்டும் வாயால் சொல்லாதீர்கள் என்றது. அவர் மறுக்க, நிகழ்ச்சி ரத்து. அதே மெதினா 2019இல் வேறொரு நாவலுக்கு நியூபெரி பதக்கம் வாங்கி, 2023இல் இளையோர் இலக்கியத்துக்கான தேசியத் தூதராகவும் நியமிக்கப்பட்டார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் லத்தீனோ எழுத்தாளர் அவர்தான்.